கையால் ஓட்டும் காருக்கு ஒரு நல்ல கம்பெனி

மூன்றாவது கம்பெனிக்குப் புறப்பட்ட அன்று மிருதுளாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. புடவையை மாற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போகும் பழைய காட்டன் புடவையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் சுதர்சன் பக்கத்தில் உட்கார்ந்து "பீளமேடு" என்றான். வண்டி தானே கிளம்பி, தானே திரும்பி, தானே அவிநாசி சாலையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

வீட்டுப் போர்ட்டிகோவில் இன்னொரு வண்டி நின்றது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. ஆனி மாதம் வாங்கியது. ஐப்பசி பிறந்துவிட்டது, இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. காரணம், அது மனிதர் கையால் ஓட்டும் கார். அதற்கு இன்ஷூரன்ஸ் அமையவில்லை.

சாயங்காலமானால் சுதர்சன் உறையை விலக்கிவிட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வான். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் காம்பவுண்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். பம்ப் மோட்டார் தொழிற்சாலையை விற்றுவிட்டு வேலையில்லாமல் இருக்கும் நாற்பத்தெட்டு வயது மனிதன் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். மிருதுளாவுக்கும் முதல் மாதம் பாவமாக இருந்தது.

கார்கள் தாமாகவே ஓடப் பழகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கையால் ஓட்டுவது இப்போது குதிரை வளர்ப்பதைப் போல, வசதியும் கிறுக்கும் சேர்ந்தவர்களின் சமாச்சாரம். அந்தக் கிறுக்கர்கள் தாங்கள் செத்ததோடு நிற்காமல் வழியில் போனவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசாங்கம் அபராதம் போட்டுப் பார்த்தது, லைசென்ஸைப் பிடுங்கிப் பார்த்தது, ஜெயிலிலும் போட்டுப் பார்த்தது. ஒன்றும் வேலைக்காகவில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஆராய்ச்சி செய்து சொன்னான்: ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவன் தன் உயிருக்குப் பயந்து காலைத் தூக்குவதில்லை, வீட்டில் இருக்கிற ஒருவருக்காகத்தான் தூக்குகிறான் என்று.

அதையே சட்டமாக்கிவிட்டார்கள். கையால் ஓட்டும் காருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால் ஒரு பிணையாள் வேண்டும். இவன் சாலையில் இருக்கும் நேரமெல்லாம் அந்த ஆள் வீட்டில் மணிக்கட்டில் ஒரு வளை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கார் எவ்வளவு ஆபத்தாகப் போகிறதோ அவ்வளவு வளை இறுகும். இங்கே பிணையாள் படும் பாடு அங்கே ஸ்டீரிங் வழியாக ஓட்டுகிறவன் கைக்குப் போய்ச் சேரும். அவன் கால் எவ்வளவு தணிகிறது என்று சோதித்து கம்பெனிக்காரன் ஓர் எண் கொடுப்பான். அதன் பெயர் தணிவு எண். எண் ஏற ஏற பிரீமியம் இறங்கும்.

ஊரில் இதற்கு வளைகாப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன மிஸ், உங்களுக்கு வளைகாப்பாமா?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் சிரித்தார்கள். மிருதுளாவும் சிரித்தாள். அது முதல் கம்பெனிக்குப் போவதற்கு முந்தைய வாரம்.

முதல் கம்பெனி, ரேஸ்கோர்ஸில் இருந்த வெண்குடை. அவளை ஓர் அறையில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து வளையை மாட்டினார்கள். சுதர்சனை வேறு கூடத்தில் ஓட்டிப் பார்க்கும் கூண்டுக்குள் ஏற்றினார்கள். கூண்டு அசல் கார் மாதிரியே குலுங்கும், கண்ணாடியில் சாலை ஓடும். அரை மணி நேரம் வளை இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. நடுவில் ஒருவர் வந்து வேறு வளை மாற்றிப் போட்டார். முடிந்ததும் ஏஜென்ட் ஜெகதீசன் உள்ளே போய்ப் பேசிவிட்டுத் தாடையைச் சொறிந்துகொண்டே வந்தார். அறுபது வயது, சஃபாரி சட்டை, எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலுக்கு வெளியே ஒதுக்குப்புறமாகக் கழற்றி வைக்கிற மனிதர்.

"இந்தக் கம்பெனி சரியில்லீங்க. வேற பாக்கலாம்" என்றார்.

சுதர்சன் "ஆமாங்ணா, பிரீமியம் தாறுமாறாச் சொல்றானுங்க" என்றான்.

இரண்டாவது, சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த மாருதம். அங்கே வளை முன்னைவிட மோசமாக இறுகியது. கழற்றியபோது மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. வெளியே சோபாவில் முறைக்காகக் காத்திருந்த ஓர் இளம்பெண் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "நம்பர் எவ்ளோக்கா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"சொல்ல மாட்டேங்கறாங்க."

"அப்பக் கம்மியாத்தான் இருக்கும். என் ஃபிரெண்டுக்கும் இப்படித்தான். அவ வீட்டுக்காரரு இவளுக்காகக் காலையே எடுக்கலையாம். நாலு மாசத்துல பிரிஞ்சுட்டாங்க." சொல்லிவிட்டுப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் ஜெகதீசன் தாடையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார். "இந்தக் கம்பெனியும் சரியில்லீங்க" என்றார்.

அன்றிரவு மிருதுளா சமைத்தாள், சாப்பிட்டாள், விடைத்தாள் திருத்தினாள். இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. அவன் வாங்கிய கடனுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசியில் கூண்டுக்குள் உட்கார்ந்து, இவள் கை வலிக்கிறது என்று தெரிந்தும், அந்த மனிதன் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவளுக்கு வலித்தது. மணிக்கட்டைச் சொல்லவில்லை.

அழவில்லை. வருகைப்பதிவு எடுத்தாள்.

இது அவளுடைய பழைய வழக்கம். கல்யாணமான புதிதில் சுதர்சன் செட்டிபாளையத்தில் கார்ப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் தடவை பார்க்கப் போனவள், இரண்டாவது சுற்றிலேயே பயத்தில் வாந்தியெடுத்தாள். பார்வையாளர் வரிசையில் ஏதோ கலாட்டா என்று அவன் திரும்பிப் பார்த்ததில் கார் வளைவை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. அடி ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ பயந்தா எனக்கு ஓட்ட வராது மிருது."

அவன் சொன்னதை அவன் மறந்துபோனான். அவள் மறக்கவில்லை. வேதியியல் டீச்சருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அட்டெண்டன்ஸ் எடுப்பாள். அபிநயா, அகிலன், ஆதிரை, பவித்ரன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம், ஒரு "உள்ளேன் மிஸ்". பாதி வகுப்பு வருவதற்குள் நெஞ்சுப் படபடப்பு நின்றுவிடும். அப்புறம் பந்தயம் போய்த் தொழிற்சாலை வந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் ஷெட்டில் தீப்பிடித்தபோது அட்டெண்டன்ஸ். பேங்க்காரர்கள் வாசலில் வந்து நின்றபோது அட்டெண்டன்ஸ். சுதர்சனின் கழுத்தில் கட்டி வந்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் பல தடவை ஆஜர். கட்டி ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்ததும் "அப்பாடா" என்று எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் அடுப்பில் பால் வைத்திருந்தது நினைவுக்கு வந்து உள்ளே போனாள்.

பிணையாளாக வளை மாட்டி உட்கார்ந்தபோதும் அதையேதான் செய்தாள். தான் தைரியமாக இருந்தால் சோதனை நன்றாக வரும் என்பது அவள் எண்ணம். யாரும் வேறு மாதிரி சொல்லவில்லை.

மூன்றாவது கம்பெனியின் பெயர் நொய்யல் பரஸ்பரம். நூற்பாலைக்காரர்கள் சேர்ந்து எப்போதோ ஆரம்பித்தது. கீழே மோட்டார் உதிரி பாகக் கடை, மேலே மூன்று மாடி, ஓடாத லிஃப்ட். வரவேற்பறையில் இருந்த அம்மாள் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். சுதர்சனைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் திரும்பி மிருதுளாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

ஜெகதீசன் அவளோடு இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தார். பழைய அறை. ஒரு மர நாற்காலி, மேஜைமேல் வளை. அது மற்ற கம்பெனி வளைகளைவிடத் தடிமனாக, மாட்டுக்குக் கட்டுகிற சலங்கைப் பட்டை மாதிரி இருந்தது. மிருதுளா உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன். மழுப்பாமச் சொல்லோணும்."

"கேளுங்க அம்மணி."

"அவரு எனக்காகக் காலத் தூக்க மாட்டேங்கறாரு. அதானே?"

ஜெகதீசன் கதவைப் பார்த்தார். "யாருங்க சொன்னது?"

"சரவணம்பட்டில ஒரு பொண்ணு சொல்லுச்சு. நம்பர் கம்மின்னா அதான் அர்த்தமாம்."

"அந்தப் பொண்ணுக்குப் பாதிதான் தெரியும்." அவர் ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டார். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. "புருசன் பொண்டாட்டி விசயத்துல மூணாம் மனுசன் வாயத் தொறக்கப்படாதுங்க. அதனால நம்பர் கம்மியா வந்தா நான் கம்பெனி மேல பழியப் போட்டுட்டு அடுத்த கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். கம்பெனிக்கு என்ன, ரோசமா வரப்போவுது. இத்தன வருசமா அப்படித்தான் ஓடுது பொழப்பு."

"அப்ப உண்மைதான்."

"இருங்க. வளை இறுகுதில்ல, அந்த இறுக்கம் அவரு கைக்குப் போகுதுன்னு நெனச்சுட்டு இருக்கறீங்களா?"

"ஆமா."

"இல்லீங்க. இறுக்கம் உங்களோட நின்னுரும். அவருக்குப் போறது உங்க பயம். வளை இறுகுனா நீங்க பயப்படோணும். நாடி எகிறோணும், கை வேர்க்கோணும். அது அங்க ஸ்டீரிங்ல துடிப்பா வரும். புடிச்சிருக்கற கைக்குள்ள ஒரு குருவி துடிக்கற மாதிரி இருக்குமுங்க. அது வந்தாத்தான் மனுசன் காலத் தூக்குவான். துடிக்கவே இல்லீன்னா எதுக்குத் தூக்கறது?"

மிருதுளாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"துடிக்கலியா?"

"ரெண்டு கம்பெனிலயும் ஒண்ணுமே போகலீங்க. வெண்குடைல நடுவுல வந்து வளைய மாத்துனாங்களே, நாபகமிருக்குதுங்களா? மெசினு ரிப்பேருன்னு நெனச்சுட்டாங்க. நீங்க பாட்டுக்குக் கோயில்ல உக்காந்த மாதிரி கண்ண மூடி உக்காந்திருந்தீங்க."

கீழே கடையில் யாரோ இரும்புக் குழாய்களை இறக்கிப் போட்டார்கள்.

"அவருக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க. ஓட்டறவங்களுக்குச் சொல்லியே ஆகோணும். பிணையாளுக்குச் சொல்லக் கூடாது, சொன்னா நடிப்பாங்கன்னு சட்டத்துலயே இருக்குது. நான் இப்பச் சொல்றதே தப்பு." ஜெகதீசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பிரீமியத்துக்காக அவரு அலையல அம்மணி. பேக்டரி வித்த காசு கெடக்குது, வெண்குடை கேட்டதக் கட்டிட்டு அன்னைக்கே வண்டிய எடுத்திருக்கலாம். 'அவகிட்டச் சொல்லாதீங்ணா, வேற கம்பெனி வளை போட்டுப் பாக்கலாம்'னாரு. எங்கயாச்சும் ஒரு வளையிலயாவது துடிக்குமான்னு பாக்கறாரு."

"மாருதத்துல ரொம்ப இறுகுச்சு" என்றாள் மிருதுளா.

"இறுகாம? கூண்டுதான்னு தெரிஞ்சும் வெளிய நின்னு பாத்துட்டிருந்த எனக்கே கொல நடுங்கிப் போச்சு. துடிப்பு வர வர மெதுவாப் போவாங்க எல்லாரும். இவரு வரல வரலன்னு வேகத்த ஏத்திக்கிட்டே போனாரு. ஸ்டீரிங்குக்குக் காதக் குடுத்துக் கேக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டு. அப்பறம் எறங்கி வந்து, 'கம்பெனி சரியில்லீங்ணா'ன்னு அவராச் சொன்னாரு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டியதெல்லாம் திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட அவன்மேல் பரிதாபமாக இருந்தது. போர்ட்டிகோவில் ஓடாத காருக்குள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் எதற்காகக் காத்திருந்தான் என்று இப்போது தெரிந்தது.

"நான் அமைதியா இருந்தா நல்லா வரும்னு நெனச்சேண்ணா" என்றாள். அட்டெண்டன்ஸ் விஷயத்தைச் சொன்னாள். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஜெகதீசன் முகம் தெளிந்தது. "அட, இவ்வளவுதானா. அப்ப ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கு அந்த அட்டெண்டன்ஸ எடுக்காம சும்மா உக்காருங்க. பயம் தன்னால வரும்."

"வராட்டி?"

அவர் வளையை எடுத்து அவள் மணிக்கட்டில் மாட்டினார். தங்கை கையில் கயிறு கட்டுகிற மாதிரி பதவிசாக மாட்டினார்.

"வராட்டியும் நொய்யல் நல்ல கம்பெனிங்க. புதுக் கம்பெனி வளையெல்லாம் வேர்வை பாக்கும், மூச்சுப் பாக்கும், கன்னத்துச் சதை ஆடுதான்னு பாக்கும். இவங்க வளை பழசு. நாடி ஒண்ணுதான் பாக்கும். நாடி எதுக்கு எகிறுச்சுன்னு கேக்காது." கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றார். "வளைக்கு வயர் கெடையாது. மொட்டமாடி வரைக்கும் படி இருக்குது. எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு கடைசில இங்கதான் வருவாங்க."

"கம்பெனிக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. அவங்களுக்கு வண்டி மோதாம வீடு வந்து சேரோணும். வேற என்ன வேணும்?"

அவர் இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் வளையில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் வந்தது. கீழே சுதர்சன் கிளம்பிவிட்டான்.

மிருதுளா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அபிநயா என்ற பெயர் தானாக உதட்டுக்கு வந்தது, அதை விழுங்கினாள். வளை இறுகியது. பயத்துக்காகக் காத்திருந்தாள். விருந்தாளிக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

வரவில்லை.

வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். கரும்பச்சைக் கார் உருள்வதை நினைத்தாள். கண்ணாடி நொறுங்குவதை, யாரோ போன் செய்வதை. போன் வந்ததும் ஓசூரில் இருக்கும் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டும், அவள் வரும்வரை ஐஸ்பெட்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல வேண்டும் என்று மனசு வரிசையாக வேலைகளை அடுக்க ஆரம்பித்தது. அடுக்கி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நின்றது. அவளுக்குத் திகிலாகக்கூட இல்லை, துக்கம்தான் பொங்கியது. இந்த மனிதன் தனக்கு வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தது. அவன் இல்லாத வீட்டை அவளால் நினைக்க முடியவில்லை. ஆனால் அவனுக்காகத் துடிக்கிற இடத்தை அவளே பூட்டி, பூட்டிப் பூட்டி, பூட்டு துருப்பிடித்துவிட்டது. கண்ணில் நீர் வழிந்தது. நாடி அசையவில்லை.

வளை இன்னும் இறுகியது. விரல் நுனியில் ரத்தம் கட்டியது. கீழே அவன் ஏற்றிக்கொண்டே போகிறான்.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். ஏறினாள் என்று சொல்லக் கூடாது, ஓடினாள். நாற்பத்தாறு வயது டீச்சர், மாணவர்களை "படியில ஓடாதீங்க" என்று சத்தம் போட்டே பாதித் தொண்டையைத் தேய்த்தவள், செருப்பை எங்கோ உதறிவிட்டு ஓடினாள். மொட்டைமாடிக் கதவைக் கையால் தட்டிவிட்டுத் திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். காதுக்குள் நெஞ்சு அடித்தது. வாயில் இரும்பு ருசி.

அப்போது வளை தளர்ந்தது.

முதலில் பிரமையோ என்று நினைத்தாள். இல்லை. இறுக்கம் மெல்ல, பதமாக, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற பக்குவத்தில் விலகியது. சுவரில் சாய்ந்து நின்றாள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் வளை சந்தேகத்தோடு லேசாக இறுகிப் பார்த்தது. அவள் ஓடினாள். உடனே தளர்ந்தது. தூக்குகிறான். தனக்காகக் காலைத் தூக்குகிறான். படிக்கட்டில் தனியாக நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மூக்கு ஒழுக, மிருதுளா சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தனக்கு வாங்கிக் கொடுத்ததிலேயே உயர்ந்த பொருள் இது என்று தோன்றியது. அதைத் திருட்டுத்தனமாக வாங்குகிறோம் என்பதும் கூடவே தோன்றியது.

முடிந்து அவள் இறங்கி வந்தபோது சுதர்சன் வரவேற்பறையில் நின்றிருந்தான். பின்னிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மிருது இவ்ளோ பயந்த?" என்றான். "கடைசில நான் மெதுவாத்தான போனேன்."

அவளுக்கு இன்னும் மூச்சு சரியாகவில்லை. வேர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவன் அதை ஒதுக்கிவிட்டான். பொது இடத்தில் அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை.

"மொதல்ல ஒண்ணும் தெரியல. சரி, அவ்ளோதான்னு நெனச்சேன். அப்பறம் திடீர்னு கைக்குள்ள…" விரல்களை மடக்கி விரித்தான். "எப்பவும் இப்படித்தான் பயப்படுவியா?"

ஜெகதீசன் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் மிருதுளா.

"சொன்னதே இல்லியே."

"சொன்னா உங்களுக்கு ஓட்ட வராது."

பாலிசி அன்றைக்கே கைக்கு வந்தது. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தள்ளுவண்டிக் கடையில் அவளுக்குக் காளான் மசாலா வாங்கிக் கொடுத்தான். மிருதுளா முழுத் தட்டையும் சாப்பிட்டாள். அவன் தன் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையை விற்ற அன்று என்ன நினைத்தான், கழுத்தில் கட்டி வந்தபோது எத்தனை இரவு தூங்கவில்லை, பக்கத்தில் அவள் அசையாமல் தூங்குவதைப் பார்த்து என்ன நினைத்தான் என்றெல்லாம். அவளும் தூங்கவில்லை, கண்ணை மூடி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். காளான் ஆறிப்போகிறது என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. விடிந்ததும் அவள் வளையை மாட்டிக்கொள்வாள். அவள் மாட்டினால்தான் கார் உயிர்பெறும். அவன் பாலக்காட்டு ரோட்டில் வாளையாறு வரை போய்த் திரும்புவான். கேட்டைத் தாண்டும்போது ஒருதரம் ஹார்ன் அடிப்பான். அந்தச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் மிருதுளா கேன்வாஸ் ஷூவின் கயிற்றை முடிந்துகொண்டு மாடிப்படிக்கு வருவாள். வளை இறுகினால் ஓட வேண்டும், தளர்ந்தால் நிற்கலாம். "சுகருக்கு நல்லதுங்க்கா, நானும் ஏறோணும்னுதான் நெனைக்கறேன்" என்று பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிற பெண் வாரம் தவறாமல் சொல்வாள்.

அவன் திரும்பி வரும்போது முகம் கழுவின மாதிரி இருப்பான். இருபது வயது குறைந்துவிட்டது என்று மகள்கூட போனில் சொன்னாள். "இன்னைக்கு எட்டிமடை தாண்டி ஒரு லாரி குறுக்க வந்துச்சு மிருது. எனக்கு முந்தி நீ பயந்துட்ட" என்பான், பெருமையாக. அவள் காபியைக் கொடுத்துவிட்டு, அவன் பார்க்காதபோது முழங்காலை நீவிக்கொள்வாள். களைப்பாக இருக்கும். இப்படியே எத்தனை வருஷம் என்று ஒரு யோசனை வரும். அவன் பேசிக்கொண்டே இருப்பான், யோசனை போய்விடும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. முந்தின நாள் ஆண்டுவிழாவுக்காகப் பகல் முழுக்க நின்றதில் முழங்கால் உருண்டையாக வீங்கியிருந்தது. இன்றைக்குப் போக வேண்டாமே என்று சொல்லலாம் என்றிருந்தாள். அவன் விடிவதற்கு முன்பே எழுந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், சொல்லவில்லை. ஹார்ன் அடித்தான், போய்விட்டான்.

நான்கு தடவை ஏறி இறங்கினாள். ஐந்தாவது தடவை பாதியில் கால் மடங்கிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தாள். நல்ல வெயில். தெருவில் யாருமில்லை. மூச்சு மெல்லச் சீரானது. நெஞ்சு அதன் பாட்டுக்கு, எதுவும் நடக்காததுபோல், அமைதியாக அடித்தது.

வளை இறுகியது.

எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்டீரிங் இப்போது அடங்கிப்போயிருக்கும் என்று நினைத்தாள். இது கூண்டு இல்லை, நிஜ ரோடு. அவன் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். கேட்காவிட்டால் மிதிப்பான். வளை இன்னும் இறுகியது. அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை, எந்தப் பெயரும் வரவில்லை, சுதர்சன் சுதர்சன் என்று ஒரே பெயர்தான் வாயில் வந்தது. ஓடாமலேயே காதுக்குள் நெஞ்சு அடித்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றி எப்படியோ எழுந்து நின்றாள்.

அவள் முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே வளை தளரத் தொடங்கியிருந்தது. மிருதுளா அதைக் கவனிக்கவில்லை. வீங்கின காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஏறிக்கொண்டிருந்தாள்.